ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கண்!

என் அக்காள் வீட்டார் ஒரு கலியாணத்துக்காக வெளியூர் போயிருந்தார்கள். ஆறு நாள் கழித்து ஒரு ராத்திரி வீடு திரும்பினார்கள். பெட்டிகளை இறக்கி வைத்தார்கள். பாட்டி குளிக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து கரண்டு போய்விட்டது!

"பயப்படாதீங்க பாட்டி! பாட்டரி விளக்கு இருக்கு!" என்று பேரன் கூவினான். இருட்டில் தட்டுத் தடுமாறிப் போய் ஸ்விட்சைப் போட்டான்.

விளக்கு எரியவில்லை.

மறுபடியும் போட்டான். ஊகூம்!

செல்போனில் வெளிச்சம் அடிக்கலாம் என்றால், அது கலியாணச் சாமான்களோடு எந்தப் பையில் கிடந்ததோ! அதற்குள் பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஈரக் கால். படி தடுக்கிற்று. நல்ல வேளையாக அக்காள் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். பாட்டிக்கு வயது 78. விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்தது.

"மாமா! பாட்டரி செத்துப்போச்சு!" என்றான் பையன். அழாத குறைதான்.

குற்றவாளி யார்?

பையன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஒயர், பல்பு, மோட்டார் என்றால் அவனுக்கு உயிர். சேர்த்து வைத்த காசில் 12 வோல்ட் பாட்டரி ஒன்று வாங்கியிருந்தான். கம்ப்யூட்டருக்கு வைக்கும் யு.பி.எஸ். பெட்டிக்குள் இருக்குமே, அந்த ஜாதி. 7 ஆம்பியர்-மணி அளவுள்ளது.

அதிலிருந்து ஒரு சின்ன விளக்குக்கு ஒயர் இழுத்தான். கரண்டு போனால் அதுதான் வீட்டுக்கு வெளிச்சம். பிறகு தன் கையாலேயே ஓர் ஆம்ப்ளிபயர் பெட்டி செய்தான். அதையும் அதே பாட்டரியில் இணைத்தான். செல்போனில் பாட்டுப் போட்டால் இந்தப் பெட்டி உரக்கப் பாடும். வீட்டில் எல்லோருக்கும் பெருமைதான்.

நான் போய் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் காட்ட வேண்டிய பாட்டரி, 5 வோல்ட்கூடக் காட்டவில்லை.

"ஊருக்குப் போகும்போது விளக்கை அணைத்தாயா?"

"அணைச்சேன் மாமா!"

"பாட்டுப் பெட்டியை?"

பையன் விழித்தான். இருவரும் பெட்டியின் ஸ்விட்சைப் பார்த்தோம். போட்டபடியே இருந்தது!

பாருங்கள் விஷயத்தை. செல்போனை எடுத்துவிட்டால் பாட்டு நின்றுவிடும். ஆனால் பெட்டி நிற்பதில்லை. எப்போது பாட்டு வரும் என்று விழித்துக்கொண்டே காத்திருக்கும். சத்தம் இல்லை. வெளிச்சம் இல்லை. தொட்டால் சூடும் பெரிதாகத் தெரியாது. ஆனால் கரண்டை மட்டும் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும்.

எவ்வளவு குடிக்கிறது என்று வேறொரு பாட்டரியை வைத்து அளந்தேன். சுமார் 50 மில்லி ஆம்பியர். இது அற்பம்தான். ஆனால் ஆறு நாள் என்பது 144 மணி நேரம். 144-ஐ 50-ஆல் பெருக்குங்கள். 7,200 ஆகிறது. பாட்டரியின் மொத்தக் கொள்ளளவே 7,000 மில்லி ஆம்பியர்-மணிதான். கணக்கு முடிந்துவிட்டது!

"சார்ஜ் போட்டால் சரியாகிவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஜாதி பாட்டரிக்குள் ஈயத் தகடுகள் இருக்கின்றன. 10½ வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்படி விட்டால், தகடுகளின்மேல் ஒருவித உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு பழைய பலம் வராது. பையனின் பாட்டரியும் அப்படித்தான் ஆயிற்று. ஒரு பகல் முழுவதும் சார்ஜ் போட்டும் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

பெட்டியின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. கதவைப் பூட்டுமுன் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும்.

"இன்றைக்கே வைத்துவிடுவோம்" என்றேன்.

பளிச்! அவ்வளவுதான்!

நான் காபி குடித்துவிட்டு வருவதற்குள் பையன் வேலையைத் தொடங்கிவிட்டான். டப்பாவில் இருந்த சிவப்பு எல்.இ.டி. ஒன்றை எடுத்து நேரே 12 வோல்ட்டில் வைத்தான். பளிச் என்று ஒரு மின்னல். பிறகு இருட்டு! அந்த எல்.இ.டி. அதோடு சரி.

ஏன் அப்படி? பழைய குண்டு பல்புக்குள் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அது சூடேற ஏற, கரண்டைத் தானே தடுத்துக்கொள்ளும். எல்.இ.டி.க்கு அந்தக் குணம் கிடையாது. போதும் என்று சொல்லத் தெரியாத குழந்தை அது! கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டு கருகிப்போகும். ஆகவே நாம்தான் அளந்து கொடுக்க வேண்டும். அளந்து கொடுக்கும் அகப்பைக்குப் பெயர் ரெசிஸ்டர். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, உடம்பில் வண்ணக் கோடுகளோடு இருக்கும்.

எந்த ரெசிஸ்டர் வேண்டும்? மனக் கணக்கே போதும். சிவப்பு எல்.இ.டி.க்குத் தேவை ஏறக்குறைய 2 வோல்ட். பாட்டரியில் இருப்பது 12. மிச்சம் 10 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். அடையாள விளக்குக்கு 10 மில்லி ஆம்பியர் கரண்டு தாராளம். அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் ஒரு பங்கு. 10-ஐ 0.01-ஆல் வகுத்தால் 1,000 வருகிறது. 1,000 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். கடையில் "ஒன் கே, கால் வாட்" என்று கேட்டால் கொடுப்பார்கள். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று வரிசையாக மூன்று கோடு இருக்கும். கடைசியில் தங்க நிறத்தில் ஒன்று.

செல்போன் சார்ஜரில் வரும் 5 வோல்ட்டாக இருந்தால் 330 ஓம் போடலாம். 9 வோல்ட் சின்ன பாட்டரிக்கு 680 ஓம். நீலம், வெள்ளை எல்.இ.டி.கள் 3 வோல்ட் கேட்கும். அதற்கு ஏற்றபடி கழித்துக்கொள்ளுங்கள்.

எல்.இ.டி.க்கு இரண்டு கால். நீளமான கால் பாசிட்டிவ் பக்கம் போக வேண்டும். குட்டைக் கால் நெகட்டிவ் பக்கம். காலை வெட்டிவிட்டீர்களா? தலையின் அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் சீவினாற்போல் தட்டையாக இருக்கும். அதுதான் நெகட்டிவ் பக்கம். மாற்றிப் போட்டால் எரியாது. ரெசிஸ்டரை எந்தக் காலோடு சேர்த்தாலும் சரி. கரண்டு இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கடந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

முன்னாலா, பின்னாலா?

பையன் இரண்டாவது எல்.இ.டி.யை எடுத்தான். இந்தத் தடவை ரெசிஸ்டர் போட்டான். அழகாக எரிந்தது. பெட்டியில் துளை போட்டுப் பொருத்தினான். "பாட்டி! பாருங்க!" என்று காட்டினான்.

பாட்டி கேட்டார்: "சரி, இப்போ பெட்டியை அணை."

அணைத்தான். சிவப்பு விளக்கு அணையவில்லை!

மறுபடி போட்டான், அணைத்தான். விளக்கு தன்பாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது. பையன் முகம் சுருங்கிவிட்டது. "போட்டாலும் எரியுது, அணைச்சாலும் எரியுது. இது எதுக்குடா?" என்று பாட்டி சிரித்தார்.

தவறு எல்.இ.டி.யில் இல்லை. ஒயரைக் கொடுத்த இடத்தில் இருந்தது. பாட்டரியில் இருந்து கரண்டு ஸ்விட்சுக்கு வருகிறது. ஸ்விட்சைத் தாண்டிப் பெட்டிக்குப் போகிறது. பையன் ஸ்விட்சுக்கு முன்னாலேயே எல்.இ.டி.யைப் பிடித்துக் கட்டிவிட்டான். அங்கே எப்போதும் கரண்டு இருக்கும். ஆகவே எப்போதும் எரியும்.

"அப்படியானால் முன்னால் கட்டுவதே தப்பா?" தப்பு என்று சொல்ல முடியாது. நம் வீட்டுச் சுவரில் உள்ள ஸ்விட்ச் போர்டைப் பாருங்கள். அதிலும் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது அல்லவா? பேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது எரிகிறது. கரண்டு போனால் அணைகிறது. "போர்டுக்குக் கரண்டு வந்திருக்கிறது" என்பதுதான் அது சொல்லும் சேதி. எந்த ஸ்விட்ச் போட்டிருக்கிறது என்பதை அது சொல்லாது.

பையனின் பெட்டிக்கு வேண்டிய சேதி அது அல்ல. "நான் விழித்திருக்கிறேன்" என்று பெட்டி சொல்ல வேண்டும். அதற்கு ஸ்விட்சைத் தாண்டிய காலில் இருந்து ஒயர் எடுக்க வேண்டும். அங்கிருந்து ரெசிஸ்டர், பிறகு எல்.இ.டி.யின் நீளக் கால், குட்டைக் காலில் இருந்து பாட்டரியின் நெகட்டிவ். இவ்வளவுதான் முழு வேலையும்.

முன்னால் கட்டுவதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. 10 மில்லி ஆம்பியர் ராப்பகலாகப் போனால், 7 ஆம்பியர்-மணி பாட்டரி 700 மணி நேரத்தில் காலி. அதாவது 29 நாள். திருடனைப் பிடிக்க வைத்த காவல்காரனே அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போன கதைதான்!

இன்னும் சிலர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. ஸ்விட்சுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒயரை வெட்டி, அந்த இடத்தில் எல்.இ.டி.யையும் ரெசிஸ்டரையும் செருகுவார்கள். பெட்டிக்குப் போகும் கரண்டு எல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். ரெசிஸ்டர் விடுவதோ 10 மில்லி ஆம்பியர்! பெட்டி வாயைத் திறக்காது. அடையாள விளக்கு பெரிய பாதைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. பக்கத்தில் தனி வாய்க்காலாக இருக்க வேண்டும்.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

அடையாள விளக்கு என்பது புதிது அல்ல. வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஸ்விட்சைத் திருகினால் முதலில் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வரும். பாட்டு உடனே வராது. வால்வுகள் சூடாக வேண்டும். அதுவரை அந்த வெளிச்சம்தான் ஆறுதல். ஆனால் அது கம்பி பல்பு. சூடாகும், ஒரு நாள் அறுந்துபோகும்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை 1962-ல் செய்து காட்டியவர் நிக் ஹோலன்யாக் என்ற அமெரிக்கர். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் அப்போது வேலை பார்த்தார். அவருடைய தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பிழைப்புத் தேடி ஐரோப்பாவில் இருந்து வந்தவர். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் ஹோலன்யாக்தான்! 2022-ல் காலமானார்.

சிவப்புக்குப் பிறகு மஞ்சளும் பச்சையும் வந்தன. நல்ல பிரகாசமான நீலம் மட்டும் 1990-களில்தான் கைகூடிற்று. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. நீலம் வந்த பிறகுதான் வெள்ளை எல்.இ.டி.க்கு வழி பிறந்தது. இன்று வீட்டுக்கு வீடு எரிவது அதுதானே!

மூன்று கால் ஸ்விட்ச்: உஷார்!

"தனியாக எல்.இ.டி. எதற்கு? விளக்கு வைத்த ஸ்விட்சே விற்கிறதே!" என்று பையன் சொன்னான். உண்மைதான். சென்னை ரிச்சி தெரு மாதிரி கடைவீதிகளில் ஏராளமாகக் கிடைக்கிறது. ஆனால் வாங்குமுன் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

சில ஸ்விட்சுகளுக்குள் இருப்பது நியான் விளக்கு. வீட்டுக் கரண்டான 230 வோல்ட்டுக்கு என்று செய்தது. நியான் விளக்கு எரிய 60 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதைக் கொண்டுவந்து 12 வோல்ட்டில் போட்டால் ஸ்விட்ச் வேலை செய்யும், விளக்கு எரியாது. "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று திட்டிப் பயன் இல்லை. 12 வோல்ட் எல்.இ.டி. உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. விளக்கு வைத்த ஸ்விட்சுக்குப் பின்னால் மூன்று கால் இருக்கும். ஒன்று கரண்டு வரும் கால். ஒன்று பெட்டிக்குப் போகும் கால். மூன்றாவது விளக்குக்கு நெகட்டிவ் கொடுக்கும் கால். அது பெரும்பாலும் பித்தளை நிறமாக, மற்ற இரண்டில் இருந்து வேறுபட்டு இருக்கும்.

ஆனால் விளக்கே இல்லாத வேறு ஒரு ஸ்விட்சுக்கும் மூன்று கால் உண்டு. நடுக்கால் பொதுக்கால். குமிழை இந்தப் பக்கம் தள்ளினால் ஒரு கால், அந்தப் பக்கம் தள்ளினால் இன்னொரு கால் என்று மாற்றிவிடும். இதை விளக்கு ஸ்விட்ச் என்று நினைத்து நடுக்காலில் பாசிட்டிவையும், ஓரக்காலில் நெகட்டிவையும் கொடுத்தால் என்ன ஆகும்? குமிழைத் தள்ளியதும் இரண்டும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். ஒயர் பழுக்கக் காய்ந்து உருகும். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று அலட்சியம் வேண்டாம். ஷாக் அடிக்காது. தீப்பிடிக்கும்!

அதனால்தான் பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே 2 ஆம்பியர் பியூஸ் ஒன்றைப் போடச் சொன்னேன். பையன் முணுமுணுத்துக்கொண்டே போட்டான். மீட்டர் இருந்தால், புது ஸ்விட்சின் கால்களை அளந்து பார்த்துவிட்டு ஒயர் கொடுப்பது உத்தமம்.

விளக்கு சொல்லாதவை

எல்லாம் முடிந்து, மூன்றாவது எல்.இ.டி. சரியான இடத்தில் ஏறிற்று. ஸ்விட்சைப் போட்டான். எரிந்தது. அணைத்தான். உடனே அணையாமல், மெல்ல மெல்ல மங்கி ஒரு விநாடிக்குப் பிறகு அணைந்தது.

"மறுபடியும் தப்பா, மாமா?" என்று பையன் பயந்துவிட்டான்.

தப்பு இல்லை. ஆம்ப்ளிபயருக்குள் ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கிறது. குடத்தில் மிச்சம் நிற்கும் தண்ணீர்போல அதில் கொஞ்சம் கரண்டு தேங்கியிருக்கும். ஸ்விட்சை அணைத்த பிறகு அந்த மிச்சம் தீரும்வரை எல்.இ.டி. எரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் பையனுக்கு அழுத்திச் சொன்னேன். "சிவப்பு எரிகிறது, ஆகவே பாட்டரி தெம்பாக இருக்கிறது" என்று நம்பிவிடாதே. பாட்டரி 12 வோல்ட் இருக்கும்போது இந்த எல்.இ.டி.யில் 10 மில்லி ஆம்பியர் ஓடும். சாகும் தறுவாயில் 10½ வோல்ட் இருக்கும்போதும் 8½ ஓடும். இந்த வித்தியாசத்தை நம் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பாட்டரி பசியோடு இருந்தாலும் விளக்கு சிரித்துக்கொண்டுதான் இருக்கும்! பாட்டரியின் நிலையை அறிய மீட்டர்தான் வேண்டும். அதுபோலவே, ஸ்பீக்கர் ஒயர் அறுந்துபோனாலும் சிவப்பு எரியும். ஸ்விட்சைத் தாண்டிக் கரண்டு வந்துவிட்டது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

இந்த வேலை எல்லாம் பாட்டரியிலும், 12 வோல்ட்டுக்கு உட்பட்ட அடாப்டரிலும் மட்டும்தான். சுவரில் வரும் 230 வோல்ட் கரண்டில் இந்த ரெசிஸ்டரையும் எல்.இ.டி.யையும் கொண்டுபோய் வைக்கக் கூடாது. சுவர் போர்டில் அடையாள விளக்கு வேண்டுமானால் அதற்கென்று செய்த விளக்கை வாங்கி, வயர்மேனைக் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

செலவு எவ்வளவு? எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் சேர்ந்து ஒரு டீ விலைகூட ஆகவில்லை. கருகிய முதல் எல்.இ.டி.யைச் சேர்த்தாலும் அப்படித்தான். பாட்டரிதான் புதிதாக வாங்க வேண்டி வந்தது. பாதிப் பணம் பையனுடையது. மீதிப் பாதியைப் பாட்டி தன் சுருக்குப் பையில் இருந்து கொடுத்தார்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்துவிட்டார்கள். பையனும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். கூடத்தில் இருந்து பாட்டியின் குரல் கேட்டது:

"டேய்! உன் பெட்டி இன்னும் முழிச்சுக்கிட்டு இருக்குடா!"

பையன் எழுந்து போனான். டக் என்று ஒரு சத்தம். சிவப்புக் கண் மெல்ல மங்கி மூடிக்கொண்டது.